மூன்று மூடி, ஒரே சாவி

செப்டம்பர் 7, ஞாயிறு

இது எம்.புக். கட்டுமான வேலையின் அளவுகளைக் குறித்து வைக்கும் புத்தகம். இதில் தாளைக் கிழிக்கக் கூடாது, எழுதியதை அழிக்கக் கூடாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மேலதிகாரி ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட ஓர் இடம் உண்டு. முப்பத்தாறு வருடம் பாதாளச் சாக்கடைப் பணியில் இருந்து, கடந்த மே மாதம் செயற்பொறியாளராக ஓய்வு பெற்றேன். இப்போது எனக்கு மேலதிகாரி யாரும் இல்லை. எனவே அந்த இடம் காலியாக இருக்கும். (இந்தப் புத்தகம் அரசுச் சொத்து அல்ல. கடையில் வாங்கியது.)

பொருள்: படகு. இருபத்தெட்டு அடி நீளம், ஒரு டீசல் இன்ஜின், இரண்டு பேர் படுக்க ஓர் அறை, அடுப்படி, கழிப்பறை. மூடிப்போன ஓர் உல்லாச விடுதியினுடையது. சென்ற வாரம் வாங்கினேன். தூத்துக்குடியில் உப்பளத்தை ஒட்டிய தனியார் துறையில் கட்டிக் கிடக்கிறது.

ஏன் வாங்கினேன் என்பதையும் பதிவு செய்கிறேன். சித்திரையில் என் சகலை குற்றாலிங்கம் அண்ணாச்சி சென்னையில் வீடு கட்டிப் பால் காய்ச்சினார். வங்கி மேலாளராக இருந்தவர். வந்தவர்களிடம் என்னைக் காட்டி, “நம்ம தம்பி. சாக்கடை டிபார்ட்மெண்ட். கைகுடுத்தா கழுவிக்கிடுங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. என் மனைவி வடிவு மட்டும் சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். அவள் ஒருநாளாவது படகுக்காரர் மனைவியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கேட்காமல் வாங்கியதால் அவள் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் நிபந்தனை போட்டாள். “பூசை லீவுக்கு அக்காவும் அத்தானும் வாராக. அக்டோபர் அஞ்சாம் தேதி ஞாயித்துக்கெழம. இது எங்க எல்லாரையும் முயல் தீவு வரை கூட்டிட்டுப் போயி, சொட்டு நனையாம கூட்டிட்டு வரணும். இல்லன்னா அந்த ஓட்டல்காரருக்குக் குடுத்துரணும்.”

ஓட்டல்காரர் நெடுஞ்சாலையில் உணவகம் நடத்துகிறார். படகை வாசலில் நிறுத்தி ஐஸ்கிரீம் கடை ஆக்கப் போகிறாராம். ஒப்புக்கொண்டேன். நான்கு வாரம் தாராளம்.


செப்டம்பர் 9, செவ்வாய்

மெக்கானிக் பெர்க்மான்ஸ் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். விசைப்படகு இன்ஜின்களை மூக்காலேயே சோதிப்பவர். முதல் கேள்வியாக, படகின் குழாய் வரைபடம் எங்கே என்றேன்.

“படமா? சார், படகுதான் இருக்கு.”

வரைபடம் இல்லாத வேலையை நான் ஏற்றதில்லை. நானே வரைவது என்று முடிவு செய்தேன். ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

மேல்தளத்தில் மூன்று வட்டமான எஃகு மூடிகள். மூன்றும் ஒரே அளவு. ஒரே சாவிதான் மூன்றையும் திறக்கிறது. எது எதற்கு என்று மூடியின் மேல் பொடி எழுத்தில் செதுக்கியிருக்கிறது. “டீசல் எடது பக்கம், குடிதண்ணி வலது பக்கம், கக்கூஸ் தொட்டி பின்னால நடுவுல” என்றார் பெர்க்மான்ஸ். குறித்துக்கொண்டேன்.

இடது வலது விஷயத்தில் எங்கள் துறையில் குழப்பத்துக்கே இடமில்லை. ஆறானாலும் ஓடையானாலும் ஓட்டத்தின் திசையைப் பார்த்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். படகு முன்னே போகும்போது தண்ணீர் பின்னே ஓடுகிறது. ஆகவே பின்பக்கம் பார்த்து நின்றுகொண்டால் இடது வலது தெளிவு.

இந்த மூடிகளைப் பற்றி இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். “மூணும் ஒண்ணுபோல இருந்தா மாறிப் போயிராதாங்க?” என்றாள் வடிவு. குழாய் சமாச்சாரம் உனக்குப் புரியாது என்று பொறுமையாகவே சொன்னேன்.


செப்டம்பர் 12, வெள்ளி

டீசல் வழி: தொட்டியிலிருந்து ஒரு வால்வு. அங்கிருந்து அடியில் கண்ணாடிக் கிண்ணம் வைத்த வடிகட்டி. டீசலில் தண்ணீர் கலந்திருந்தால் கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும், திருகைத் திறந்து வடித்துவிடலாம். அங்கிருந்து இன்ஜின். இதுவரை சரி.

ஆனால் இன்ஜினிலிருந்து இன்னொரு மெல்லிய குழாய் திரும்பவும் தொட்டிக்கே போகிறது. இது என்ன அநியாயம் என்றேன். எரியாத மிச்ச டீசல் திரும்பப் போகிறதாம். முப்பத்தாறு வருடத்தில் நான் அனுப்பிய எதுவும் திரும்பி வந்ததில்லை. வந்தால் மெமோ கொடுப்பார்கள். இதை வரைபடத்தில் எந்தப் பக்கம் அம்புக்குறி போட்டுக் காட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் போட்டு வைத்திருக்கிறேன்.

வடிவு சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டாள். இனி செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் போவாளாம். படகு நல்லபடி ஓட வேண்டுதல் என்றாள். மனம் நெகிழ்ந்தது.


செப்டம்பர் 16, செவ்வாய்

வெயில். முதுகு வலி. வரைபடம் நாளை. வடிவு கோயில்.


செப்டம்பர் 19, வெள்ளி

வடிகால் என் சொந்த ஊர் என்று நினைத்து இறங்கினேன். பெர்க்மான்ஸ் ஒரே வாக்கியத்தில் என் முப்பத்தாறு வருடத்தைக் கவிழ்த்துவிட்டார்.

“சார், ஊர்ல இருக்க தண்ணியெல்லாம் கடலுக்குப் போவணும்னு நிக்கும். இங்க கடலு உள்ள வரணும்னு நிக்கி.”

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். நான் கட்டிய எல்லாமே தாழ்ந்த இடத்தைத் தேடி ஓடும். இங்கே ஆகத் தாழ்ந்த இடம் படகின் அடிப்பள்ளம். அதற்கு வெளியே கடல் அதைவிட உயரத்தில் நிற்கிறது. தளத்தில் விழும் மழை தானாக வெளியே போய்விடும். பாத்திரம் கழுவிய தண்ணீர் குழாய் வழியாகக் கடலுக்குப் போகும், ஆனால் அந்த வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதற்கென்று ஒரு வால்வு. வேலை முடிந்ததும் மூடாவிட்டால் போன வழியே கடல் உள்ளே வரும்.

பின்னால் இன்ஜின் தண்டு படகைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் தண்ணீர் சொட்டுகிறது. ஓட்டை என்று நினைத்து எம்-சீல் பிசைந்துவிட்டேன். பெர்க்மான்ஸ் கையைப் பிடித்துக்கொண்டார். அது சொட்டத்தான் வேண்டுமாம், இல்லாவிட்டால் தண்டு சூடேறிவிடுமாம். சொட்டுகிற தண்ணீர் அடிப்பள்ளத்தில் சேரும். சேர்ந்ததும் ஒரு மிதவை மேலெழுந்து சுவிட்சைப் போடும். பம்பு அதைக் கடலுக்குத் தள்ளும். பம்புக்கென்று தனியாகக் கையால் போடும் சுவிட்சும் உண்டு.

ஆக, வேண்டுமென்றே ஒழுகவிட்டு, வேண்டுமென்றே இறைக்கிறார்கள். என் அலுவலகத்தில் இப்படி ஒரு திட்டம் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.


செப்டம்பர் 23, செவ்வாய்

இன்ஜின் அறை முழுவதும் கந்தல். குழாய்களில் ஆங்காங்கே சிவப்பு, பச்சை, கறுப்புத் துணிகளை யாரோ கட்டி வைத்திருக்கிறார்கள். மேல்தள மூடிகளின் கைப்பிடியிலும் ஆளுக்கொன்று. பெர்க்மான்ஸின் வேலை. கை துடைக்கிற துணியைக் கண்ட இடத்தில் கட்டிவிட்டுப் போகிற பழக்கம். துணி மட்டும் நல்ல ரகம், ரவிக்கைத் துணிபோல இருக்கிறது.

வீட்டில் வடிவு கத்தரிக்கோலைக் காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்தாள். கோயிலிலிருந்து வந்தபோது அவள் முழங்கையில் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. விளக்குக் கரியாம்.


செப்டம்பர் 26, வெள்ளி

செவ்வாயன்று பாத்திரத் தொட்டியின் வால்வை மூட மறந்துவிட்டேனோ என்று காலையில் சந்தேகம். அரக்கப்பரக்க ஓடினேன். வால்வு மூடித்தான் இருந்தது. பழக்க தோஷத்தில் என் கை தானாகவே மூடியிருக்கிறது. இதைத்தான் அனுபவம் என்பது.

வரைபடம் முக்கால்வாசி முடிந்தது. அம்புக்குறிகள் மட்டும் பாக்கி.


செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூசை. கருவிகளைக் கும்பிடுகிற அன்று படகைக் கும்பிடாமல் விடலாமா? காலை முதல் துடைத்தேன். கந்தல் துணிகளை எல்லாம் அவிழ்த்து, அவற்றாலேயே இன்ஜினைத் துடைத்துக் குப்பையில் போட்டேன். இப்போதுதான் பார்க்க ஓர் ஒழுங்காக இருக்கிறது.

வடிவு வரவில்லை. முறுக்குச் சுடுகிறாள். அக்கா வீட்டார் நாலாம் தேதி வருகிறார்கள் என்பதால் இந்த வாரம் முழுவதும் கோயிலும் கிடையாதாம்.


அக்டோபர் 1, புதன்

பூசை சிறப்பாக நடந்தது. இன்ஜின், சுக்கான் சக்கரம், பம்பு, மூன்று மூடிகள் எல்லாவற்றுக்கும் கெட்டியாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன். எதையும் குறை வைக்கவில்லை. மூடிகளில் இருந்த எழுத்துப் பள்ளமெல்லாம் நிரம்பி, தங்கத் தட்டுபோலப் பளிச்சென்று ஆகிவிட்டன.

எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்பதில் கொஞ்சம் தடுமாற்றம். சக்கரம் இல்லாத வாகனம். பெர்க்மான்ஸ் தலையைச் சொறிந்தார். “முன்னால தண்ணில போட்டுட்டு ஏத்திருவோமா சார்?” என்றார். போட்டோம். பழங்கள் நசுங்காமல் இரண்டு பக்கமும் ஒதுங்கி மிதந்துபோயின. ஏற்றியதாகக் கணக்கு.

இன்ஜினுக்குச் சாமந்தி மாலை. எதிரே பெரிய தாம்பாளத்தில் பொரி கடலை. கற்பூரம் காட்டும்போது ஒரு விசைப்படகு வேகமாகப் போனது, அலை அடித்தது. திறந்து வைத்திருந்த தரைப்பலகை வழியாகப் பொரியும் மாலையும் அடிப்பள்ளத்துக்குள் போய்விட்டன. அளவு: பொரி சுமார் ஒரு படி, மாலை ஒன்று. பாதிப்பு: இல்லை. பிரசாதம்தானே.

பெர்க்மான்ஸ் மிச்சப் பொரியைச் சாப்பிட்டபடி, “வடிவக்கா வரலையா சார்?” என்றார். பார்க்காத ஒருவரை அக்கா என்கிறார். கடற்கரை மக்களுக்குப் பாசம் அதிகம். மணப்பாட்டில் மச்சினி கல்யாணமாம், திங்கட்கிழமைதான் வருவாராம். எல்லாம் தயார், நீர் போய்வாரும் என்றேன்.


அக்டோபர் 3, வெள்ளி

கேன்களில் அறுபது லிட்டர் டீசல் கொண்டுபோய் நானே ஊற்றினேன். நாளைய தலைமுறைக்காக முறையைப் பதிவு செய்கிறேன். பின்பக்கம் பார்த்து நின்றேன். இடது கைப்பக்கம் இருந்த மூடியைத் திறந்தேன். ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினேன். சந்தனம் கலையாமல் மூடினேன்.

வடிவு அடுப்படியிலிருந்து கேட்டாள். “மூடியப் பாத்துத்தான ஊத்துனீக?”

பார்க்காமல் ஊற்றுவதற்கு நான் என்ன நேற்றுப் பிறந்தவனா?


அக்டோபர் 4, சனி

அண்ணாச்சியும் பகவதி மதினியும் வந்துவிட்டார்கள். அண்ணாச்சி கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்திருக்கிறார். “தம்பி, படகுலயாவது வாசம் நல்லா இருக்குமா?” என்றார். வடிவு தோசையை அவர் தட்டில் கொஞ்சம் ஓசையோடு போட்டாள்.


அக்டோபர் 5, ஞாயிறு

எழுதும் நிலையில் இல்லை.


அக்டோபர் 6, திங்கள்

நடந்தது நடந்தபடி. அழிக்கக் கூடாது என்பது விதி.

காலை எட்டரைக்குப் புறப்பட்டோம். இன்ஜின் ஒரே தட்டில் எழுந்தது. டீசல் முள் கால்வாசிக்கும் கீழே நின்றது. முள் பழுது என்று குறித்துக்கொண்டேன். அண்ணாச்சி செல்போனில் படம் பிடித்தார். வெளிச்சவீட்டைக் கடந்தோம். வடிவின் முகத்தில் காற்று அடித்தது, அவள் சிரித்தாள். கல்யாணமான முப்பத்துமூன்று வருடத்தில் பதினான்கு ஊர் மாற்றலாகி, பெரும்பாலும் கழிவுநீர் நிலையத்துக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஐஸ்கிரீம்காரர் என் மனதிலிருந்து மறைந்தே போனார்.

அண்ணாச்சி முகம் கழுவக் கழிப்பறைக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் எண்ணெய் தேய்த்த விக்கிரகம்போல மின்னியது.

“தம்பி, சோப்புப் போடாமலே வழுவழுன்னு இருக்கு. ஒரு மாதிரி வாசமும் அடிக்கி.”

உப்புக் காற்று அப்படித்தான் செய்யும் என்றேன். அந்த நேரம் இன்ஜின் இருமியது. மறுபடி இருமியது. நின்றுவிட்டது. அந்த அமைதியில் மதினியின் குரல்.

“ஏட்டி வடிவு, தரைல பொரி மெதக்குட்டி!”

தரைப்பலகை இடுக்குகளில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஊறிப்போன பொரி, சாமந்தி இதழ்களோடு வரிசையாக வந்துகொண்டிருந்தது. நிலைமையை நான் உடனடியாகப் பரிசீலிக்கத் தொடங்கினேன்.

வடிவு பரிசீலிக்கவில்லை. சேலையை இழுத்துச் சொருகினாள். பலகையைத் தூக்கினாள். தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவினாள்.

“மிதவையில மாலை நார் சுத்திக் கெடக்கு. எப்படி மேல வரும்? புதன்கெழமையிலேருந்து பம்பே ஓடல. பின்னால சொட்டுன தண்ணி பூரா இங்கதான் நிக்கி.” நாரைப் பிய்த்து எறிந்தாள். பம்பின் சல்லடையிலிருந்து பொரிக்கூழைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளினாள். “அக்கா, அங்க செவப்பு சுவிட்ச் இருக்கு பாரு, அதப் போடு.”

பம்பு உறுமியது. அந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கே இரண்டு நிமிடம் ஆகும்.

அடுத்து என்னிடம் வந்தாள். விசாரணை இப்படி நடந்தது.

“டீசல எந்தப் பக்கம் ஊத்துனீக?”

“இடது பக்கம்.”

“எதப் பாத்து நின்னு எடது?”

“ஓட்டத்தைப் பார்த்து.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு வாழ்க்கைப்பட்டவள், அந்த விதி அவளுக்கும் தெரியும். எத்தனை ஆற்றங்கரையில் அவளை நிறுத்தி அதை விளக்கியிருக்கிறேன்.

“படகுல முன்னால பாத்துத்தாங்க எடது வலது. நீங்க அறுவது லிட்டரையும் குடிதண்ணித் தொட்டில ஊத்திருக்கீக. அத்தான் டீசல்ல மூஞ்சி கழுவிருக்காக.”

அண்ணாச்சி சட்டென்று கையிலிருந்த சிகரெட்டைப் பற்றவைக்காமல் பைக்குள் வைத்தார்.

“நான் மூடியில கட்டுன துணி எங்க?” என்றாள் வடிவு. “டீசலுக்குச் செவப்பு, தண்ணிக்குப் பச்சை, கழிவுக்குக் கறுப்பு. கொழா கொழாயாப் பாத்துக் கட்டுனேனே. எங்க?”

பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. பூசைக்குத் துடைத்தேன் என்றேன்.

அண்ணாச்சி கணுக்கால் தண்ணீரில் நின்றபடி, பயத்தை மறைக்கவோ என்னவோ, சிரித்தார். “எங்க போனாலும் சாக்கடைத் தண்ணி தம்பிய விடாது போலுக்கே.”

வடிவு நிமிர்ந்தாள். அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

“அத்தான், இவுக முப்பத்தாறு வருசம் மூக்கப் பொத்திக்கிட்டு நின்னதுனாலதான் ஊரு மூக்கப் பொத்தாம நடந்துச்சி. மலத்தொட்டில ஆள எறக்கக் கூடாதுன்னு மெசின் கேட்டு எழுதி எழுதியே ரெண்டு பிரமோசனு போச்சி. உங்க வீட்டுப் பால்காய்ப்புல சொல்லணும்னு இருந்தேன். அக்கா முகத்துக்காவ சொல்லல. இப்பம் சொல்லிட்டேன். இந்தாங்க வாளி. எறைங்க.”

அண்ணாச்சி இறைத்தார். நன்றாகவே இறைத்தார்.

நான் ஏதோ வால்வைப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் திரும்பி நின்றேன். கண்ணில் டீசல் பட்டுவிட்டது. அப்படித்தான் அப்போது சொன்னேன். டீசல் இல்லை. அவள் அதையெல்லாம் இத்தனை வருடம் மனதில் வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

இனி டீசல். இன்ஜின் தொட்டி வறண்டு கிடக்கிறது, அறுபது லிட்டர் பக்கத்துத் தொட்டியில் கிடக்கிறது. வடிவு யோசித்தாள். இந்த இடத்தில் என் மூளை வேலை செய்தது என்பதைத் தாழ்மையுடன் பதிவு செய்கிறேன். ஓட்டல்களின் பின்பக்கம் எண்ணெய் பிரிக்கும் தொட்டி எத்தனை கட்டியிருக்கிறேன்! எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீர் கீழே நிற்கும்.

“வடிவு, தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருந்தது?”

“இருவது லிட்டர் இருக்கும். நான்தான் ரொப்புனேன்.”

“குழாய் அடியிலிருந்துதான் இழுக்கும். முதலில் தண்ணீர் வரும், பிறகு கலங்கல், பிறகு சுத்த டீசல். அலை குலுக்கியதில்தான் அண்ணாச்சிக்குக் கொஞ்சம் கிடைத்திருக்கிறது. கொஞ்ச நேரம் ஆடாமல் நின்றால் பிரிந்துவிடும்.”

அவள் என்னைப் பார்த்தாள். நல்ல வேலை செய்தவனைப் பார்க்கிற பார்வை. நங்கூரம் போட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். முறுக்குச் சாப்பிட்டோம். பிறகு அடுப்படிக் குழாயைத் திறந்தேன். எண்ணெய் கடலுக்குப் போய்விடக் கூடாதென்று வடிவு பாத்திரத் தொட்டியின் வால்வை மூடி வாளி வைத்தாள். தண்ணீர் வந்தது. கலங்கல் வந்தது, அதைத் தனியாக வைத்தோம். பிறகு சமையல் குழாயிலிருந்து பொன்னிறத்தில் டீசல் கொட்டியது. மதினி கையெடுத்துக் கும்பிட்டாள்.

வேட்டித் துணியில் வடிகட்டி, படகின் முன்பக்கம் பார்த்து நின்று, இடது மூடியில் ஊற்றினோம். வடிவு தன் கைப்பையிலிருந்து சிவப்புத் துணி ஒன்றை எடுத்து மூடியில் கட்டிய பிறகுதான் ஊற்றவிட்டாள். கண்ணாடிக் கிண்ணத்தில் அரை விரல் தண்ணீர் தங்கியது. திருகைத் திறந்து வடித்தாள். வடிகட்டியின் தலையிலிருந்த கைப்பம்பை அழுத்தி, காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி நின்றதும் இறுக்கினாள்.

“ஏர் எடுத்தாச்சி. போடுங்க.”

இன்ஜின் எழுந்தது. நாலு பேரும் கத்தினோம். அண்ணாச்சி என்னைக் கட்டிப்பிடித்தார். கையைக் கழுவவில்லை.

நான் படகைத் துறைப்பக்கம் திருப்பினேன். வடிவு சக்கரத்தைப் பிடித்தாள்.

“எங்க திருப்புதீக? முயல் தீவுக்குப் போயில்லா திரும்பணும். பேச்சுன்னா பேச்சு.”

“நனையாமல் என்றும் பேச்சு” என்றேன். எங்கள் எல்லோருக்கும் முழங்கால்வரை ஈரம்.

“அது வேர்வ” என்றாள். தீவுவரை அவளே ஓட்டினாள். திரும்பவும் அவளே ஓட்டினாள்.


அக்டோபர் 7, செவ்வாய்

காலையில் ஓட்டல்காரர் போன் செய்தார். வடிவுதான் எடுத்தாள். “அது படகு. ஓடுது. ஐஸ்கிரீமுக்கு வேற பாருங்க” என்று வைத்துவிட்டாள்.

பெர்க்மான்ஸ் வந்தார். நடந்ததைக் கேட்டு நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். செப்டம்பரில் செவ்வாய், வெள்ளி சாயங்காலம் இரண்டு மணி நேரம் பாடம். “அக்கா நாலே நாள்ல ஏர் எடுக்கப் படிச்சிட்டாக சார். உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக.” நான் மூடாத வால்வை மூடியதும் அவள்தானாம். இருபத்தாறாம் தேதிப் பதிவில் ‘அனுபவம்’ என்று எழுதியிருக்கிறேன். அழிக்கக் கூடாது.

அவர் போன பிறகு, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“முத நாளே கேட்டேன். கொழாய் சமாச்சாரம் உனக்குப் புரியாதுன்னீக.” வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை அவள். “இந்தப் படக வேண்டாம்னா விட்டுருவீக, ஆனா மொகம் தொங்கிப் போயிரும். சரின்னா தனியாப் போயி முங்கிருவீக. நான் என்னதான் செய்ய? ரெண்டுக்கும் நடுவுல எனக்கு இதான் தோணிச்சி.”

தப்பு என்னுடையது என்றேன். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை, எழுத்தில் கொடுத்ததும் இல்லை. இப்போது கொடுக்கிறேன்.

மதியம் உட்கார்ந்து வரைபடத்தை முடித்தேன். டீசல் சிவப்பு மையில், நீர் பச்சையில், கழிவு கறுப்பில். அவளைக் கூப்பிட்டு முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு குழாயாக விரலை ஓட்டினாள். திரும்பி வரும் டீசல் குழாயில் நான் போட்டிருந்த இரண்டு அம்புகளில் ஒன்றை அடித்தாள். பாத்திரத் தொட்டி வால்வுக்குப் பக்கத்தில் ‘மூடவும்’ என்று எழுதச் சொன்னாள். எழுதினேன்.

பிறகு இந்தப் பக்கத்தின் அடியைக் காட்டி, இது என்ன இடம், ஏன் ஒரு பக்கத்திலும் எழுதவில்லை என்றாள். மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டிய இடம் என்றேன். பேனாவை வாங்கிக்கொண்டாள்.

சரிபார்த்தேன். இடது, வலது எல்லாம் முன்னால் பார்த்து நின்று.
ச. வடிவு